பாஸ்கர் பெயரில் நீ எழுதிய கட்டுரை

அன்புள்ள ரகு,

உன் பெட்டி கூடத்தில் திறந்தபடி கிடக்கிறது. அப்பா தினமும் அதைத் தூக்கிப் பார்க்கிறார். ஒரு நாள் பருப்புப் பொடியை வெளியே எடுத்து வைக்கிறார். மறுநாள் அவரே அதைத் திரும்ப உள்ளே வைக்கிறார். வீட்டில் மூன்று பேரும் பெட்டியின் கனத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், வேறு எதுவும் பேச இல்லாதவர்களைப் போல. எனக்குப் பேச ஒன்று இருக்கிறது. அந்த மழைக்கால ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருக்கிறது. பலமுறை உன் அறை வாசல்வரை வந்துவிட்டு, "காபி வேணுமா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். நீ கிளம்பிவிட்டால் அந்தக் கேள்வியும் இருக்காது. அதனால் எழுதுகிறேன். விமானத்தில் உட்கார்ந்து படி, அல்லது இங்கேயே படித்துவிட்டு என்னிடம் வா. எப்படியானாலும் படிக்காமல் இருந்துவிடாதே.

அமெரிக்கக் கல்லூரிகள் மேல்படிப்புக்குக் கேட்கும் அந்த இரண்டு பக்கக் கட்டுரை நம் ஆவடி குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததிலிருந்து நான் ஊருக்கே கட்டுரை திருத்தித்தரும் ஆன்ட்டியாகிவிட்டேன், உனக்குத் தெரியும். மார்க் மட்டும் போதாதாம். நீ யார், ஏன் இதைப் படிக்க ஆசைப்படுகிறாய் என்று உன் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். நம் பிள்ளைகளிடம் அதுவரை யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் மாட்டைப் பற்றியும் மழைநீரைப் பற்றியும் எழுதச் சொன்னோமே தவிர, உன்னைப் பற்றி எழுது என்று நானே ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. அதனால் சீனியர் ஒருவன் எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து, ஊர்ப் பெயரையும் கல்லூரிப் பெயரையும் மாற்றி, எல்லாரும் அதையே எழுதினார்கள். எல்லாருக்கும் சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம். எல்லாரும் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியவர்கள். நான் பென்சிலால் முதல் பத்தியை அடித்துவிட்டு, "உன் கதை இதுக்குக் கீழதான்டா ஆரம்பிக்குது" என்பேன். உன் சிநேகிதன் பாஸ்கர்தான் ஒருமுறை சொன்னான்: "மொத பாராவத் தூக்கிட்டா அப்புறம் என் பேரு மட்டும்தான் ஆன்ட்டி நிக்கும்."

உன் கட்டுரையை நீயும் காட்டினாய். சுத்தமான ஆங்கிலம். பென்சிலை வைக்க இடமே இல்லை. சிவில் படித்தது, தண்ணீர் சுத்திகரிப்பில் மேலே படிக்க விரும்புவது, எதிர்காலத் திட்டம் எல்லாம் வரிசையாக இருந்தன. நல்லா இருக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை, ஒரு ஆளும் இல்லை என்று எனக்குத் தோன்றியதை உன்னிடம் சொல்லவில்லை. நீ எப்போதுமே அடக்கமான பிள்ளை, அதுதான் எழுத்திலும் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். எலக்ட்ரானிக்ஸ் கிடைக்கிற மார்க் எடுத்துவிட்டு நீ ஏன் சிவிலுக்குப் போனாய், போனவன் வீடு கட்டுவதை விட்டுவிட்டு ஏன் சாக்கடையையும் கிணற்றையும் பிடித்துக்கொண்டாய் என்று அப்பா பல நாள் புலம்பியிருக்கிறார். அவன் இஷ்டம் என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ திருமழிசையில் ஏதோ பட்டறைக் கழிவுநீரைப் புட்டியில் பிடித்துவரப் போயிருந்தாய். மத்தியானம் மழையில் நனைந்துகொண்டு பாஸ்கர் அண்ணனூரிலிருந்து சைக்கிளில் வந்தான். சட்டைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் டைப் செய்த இரண்டு தாள்கள். துண்டு கொடுத்துத் தலையைத் துவட்டச் சொல்லி, முறுக்கும் டீயும் வைத்தேன்.

"ஆன்ட்டி, இத கொஞ்சம் பாத்துக் குடுங்க. நாளிக்கு போஸ்ட் பண்ணியாவணும். ரகுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன்டா, அவனுக்கென்ன?"

"அவன்தான் எழுதிக் குட்த்தான். எங்கம்மாகிட்ட மட்டும் காட்டாதன்னு சொல்லிக்கீறான். பொய்யி எழுதனா நீங்க திட்டுவீங்களாமே."

"பொய்யா?"

"அப்புறம் இன்னா ஆன்ட்டி? எங்க ஊட்ல இன்னா நடக்குது? நைனா காலீல ரயில் ஷெட்டுக்குப் போவாரு, சாயங்காலம் வந்து பேப்பர் படிச்சிகினு தூங்கிடுவாரு. இத வச்சிகினு ரெண்டு பக்கம் இன்னாத்த எழுதறது? அதான் ரகு ஒரு கதை கட்டிக் குட்த்தான். படிச்சிட்டு எனக்கே அழுகை வந்துடுச்சி. இல்லாத தங்கச்சிக்கு அழுதுகினு கீறேன், எங்கம்மா பாத்துட்டு ஒடம்பு சரியில்லியாடான்றாங்க."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் பென்சிலைச் சீவினேன். "எனக்கு ஒரு தங்கை இருந்தாள்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தது கட்டுரை. இயந்திரமும் இல்லை, ரேடியோவும் இல்லை. நல்ல தொடக்கம் என்று ஓரத்தில் ஒரு டிக் போட்டேன். அந்த டிக்கை நினைத்தால் இப்போதும் என் கை கூசுகிறது. அடுத்த வரியில், யாராவது ஒருவருடைய காதைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும், பெரும்பாலும் அது என் காதாக இருக்கும் என்று இருந்தது. அந்த இடத்தில் பென்சில் முனை தாளைக் கிழித்துக்கொண்டு உடைந்தது.

என்ன படிக்கிறேன் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முதலில் வந்தது கோபம்தான். யாரோ நம் வீட்டுக்குள் புகுந்து எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி. அப்புறம் பாஸ்கர் முகத்தைப் பார்த்தேன். அவன் முறுக்கை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். நாலு வருஷமாக உன்னோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவன், நம் வீட்டுக் கட்டிலில் படுத்துத் தூங்கியவன், அவனுக்கே தெரியாது. உனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்று நீ அவனிடம் சொன்னதே இல்லை. கற்பனை என்று சொல்லித்தான் அவளை அவனிடம் கொடுக்க முடிந்திருக்கிறது. அவன் "இன்னா ஆன்ட்டி, ரொம்பத் தப்பா கீதா?" என்று கேட்டான். நாளை காலை வா என்று மட்டும் சொன்னேன். பாதி டீயோடு எழுந்து போய்விட்டான், பாவம்.

வசு போன பிறகு நாம் மண்ணூர்பேட்டையை விட்டு இங்கே குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. நாலு வயதுக் குழந்தையின் படத்துக்கு மாலை போட என்னால் முடியவில்லை. மாலை போடாமல் மாட்டினால் பார்ப்பவர்கள், "பொண்ணு எங்க, ஸ்கூலுக்குப் போயிருக்கா?" என்று கேட்பார்கள். அதனால் படத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் எத்தனை குழந்தைகள் என்று கேட்டால், ஒரே பையன் என்று அப்பா சொல்லிவிடுவார். நீயும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். உன் விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதியிருப்பாய். உனக்கு மறந்துபோயிருக்கும் என்று நம்பினோம். ஏழு வயதில் என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்று.

நீ எழுதியிருந்ததை நான் இங்கே திரும்ப எழுதுகிறேன், ஏனென்றால் அதில் பாதி எனக்குத் தெரிந்தது, பாதி எனக்குத் தெரியாதது. கோடைக்காலம். வசுவுக்கு வாந்தியும் பேதியும். விடியற்காலையிலிருந்தே தண்ணி, தண்ணி என்று அழுதாள். வீட்டுக்கார அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "தண்ணி குட்த்தா இன்னும் பிச்சிகினு போவும்மா. துணிய நனைச்சி ஒதட்ட மட்டும் தொடச்சி வுடு" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தெரு முழுக்க அப்படித்தான் நம்பியது, என் அம்மா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். ஷேக்ஸ்பியரைப் படித்துப் பட்டம் வாங்கிய நானும் துணியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆட்டோ பிடிக்க மெயின் ரோட்டுக்கு ஓடினேன். இதுவரை எனக்குத் தெரியும்.

நான் வெளியே போனதும் வீட்டுக்கார அம்மா அடுப்பைப் பார்க்க உள்ளே போனார்கள் என்று நீ எழுதியிருந்தாய். கூடத்து மூலையில் தட்டு போட்டு மூடியிருந்த பித்தளைச் சொம்பிலிருந்து உன் பென்சில் டப்பா மூடியில் தண்ணீர் ஊற்றி அவளுக்குக் கொடுத்தாய். குடித்துவிட்டு "இன்னும்ணா" என்றாள். இன்னும் கொடுத்தாய். அழுகை நின்றது. உன் காதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பெரியவர்கள் கொடுக்கக்கூடாது என்று சொன்னதைக் கொடுத்தேன், அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். கடைசி வரி இது: "அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது; தெரிந்துகொள்ளத்தான் இதைப் படிக்க வருகிறேன்."

நான் அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார். அவரிடம் நீட்டினேன். அவர் ஒரு காலில் சாக்ஸைக் கழற்றிவிட்டு, மற்றக் காலில் அதோடே உட்கார்ந்து அகராதி இல்லாமல் மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவன் இதையா தூக்கிகிட்டுத் திரியறான்?" என்றார். அந்த ஒற்றைச் சாக்ஸோடு எவ்வளவு நேரம் இருந்தாரோ.

சாயங்காலம் நீ வந்தாய். மேசைமேல் தாள்களைப் பார்த்தாய். பாஸ்கரைத் திட்டுவாய் என்று நினைத்தேன். நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவனுக்கு எழுத ஒண்ணுமே இல்லம்மா," என்றாய்.

"உனக்கு இருந்துதே. நீ ஏன் எழுதல?"

"எழுதிப் பாத்தேன். 'நான்'னு போட்டா கை ஓடல. அவன் பேரைப் போட்டேன், வந்துடுச்சு."

அப்போதே நான் உன் கையைப் பிடித்து உட்காரவைத்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. நான் சொன்னது, "சாப்பிட வா." நீ பசிக்கவில்லை என்று அறைக்குப் போனாய். அன்றிலிருந்து இதைப் பற்றி இந்த வீட்டில் பேச்சில்லை. கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: நீ இவ்வளவு பெரிய ஒன்றைச் சொல்லிவிட்டாய், அம்மா பதிலே சொல்லவில்லை. அந்த மௌனத்தை நீ என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பாய்? ஆமாம், உன்னால்தான் என்று நான் சொன்னதாகவே எடுத்துக்கொண்டிருப்பாய். இதை யோசித்த நாளில் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றபடி எழுத வந்ததை மறந்துபோனேன். பிள்ளைகள் எல்லாம் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாஸ்கர் மறுநாள் காலையில் வந்தான். அவனிடம் உண்மையைச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னது சரியா என்று தெரியவில்லை. ஆனால் அவளை இன்னொருவர் பெயரில் தபாலில் சேர்க்க என்னால் ஆகாது. "நெஜமாவா ஆன்ட்டி," என்றான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க. நான் வேற சூப்பர் கதடா மாமேன்னு அவன் முதுவுல தட்டினேன்." தாள்களை எடுத்து என் கையிலேயே திரும்ப வைத்தான். பிறகு, எழுத ஒன்றும் இல்லை என்று மறுபடியும் ஆரம்பித்தான். சரி, உங்கள் வீட்டு வாசலில் என்ன இருக்கிறது, அதைச் சொல் என்றேன். அடிபம்பு என்றான். அதில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டதுதான் தாமதம், பேச ஆரம்பித்துவிட்டான். குடங்களின் வரிசை, யார் குடம் யாருடைய குடத்தை முந்தியது, அவன் அம்மாதான் அங்கே அம்பயர், பம்பு உடைந்தால் வாஷருக்குப் பதிலாகப் பழைய ரப்பர் செருப்பை வெட்டிப் போடுவது அவன். கோடையில் பம்பில் தண்ணீர் கீழே இறங்க இறங்கச் சண்டை மேலே ஏறும் என்றான். இதையே எழுது என்றேன். "இதையா? கொழாயடி சண்டயப் போய் அமெரிக்காவுக்கா?" என்றான். என் முன்னால் உட்கார்ந்தே எழுதினான். நான் இலக்கணத்தை மட்டும் சரிசெய்தேன். அந்தக் கட்டுரைக்கு இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்தது உனக்குத் தெரியும். அது எப்படி எழுதப்பட்டது என்பது உனக்குத் தெரியாது; நான் கேட்டுக்கொண்டதால் உன்னிடம் அவன் சொல்லவில்லை.

உனக்கு நான் எழுத்தைப் பற்றிச் சொல்ல நினைப்பதும் இதுதான், ரகு. நாளைக்கு உன் பிள்ளைகளுக்கும், உன்னிடம் படிக்கிறவர்களுக்கும் நீ சொல்ல வேண்டிவரும். படிக்கிறவர் பெரிய துக்கத்தைத் தேடவில்லை. பாஸ்கர் அழவில்லை, செருப்பை வெட்டினான். அதற்குள் அவன் இருந்தான். வேறு ஒருவன் பெயரை மேலே போட்டால் பொருந்தாத ஒன்றை எழுத வேண்டும், அவ்வளவுதான். நீ எழுதியதும் அப்படிப்பட்டதுதான். நான் திருத்திய கட்டுரைகளிலெல்லாம் அதைப்போல ஒன்று இல்லை. அதனால்தான் அது பாஸ்கர் பெயரைத் தாங்கவில்லை. உன் பெயரில் அதை எழுது என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு முறையாவது "நான்" என்று போட்டு எழுதிப்பார். அதற்கு முன்னால், அந்தக் கட்டுரையில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. மொழியில் இல்லை, தகவலில்.

அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அன்று விடியற்காலையில் நான் அதைக் கொதிக்கவைத்தேன். சீரகம் போட்டு, நன்றாகப் பொங்கவிட்டு, ஆறவைத்து, வடிகட்டி, அந்தப் பித்தளைச் சொம்பில் ஊற்றித் தட்டு போட்டு மூடினேன். டாக்டர் கொடுக்கலாம் என்று சொல்லும் நேரத்துக்குத் தயாராக இருக்கட்டும் என்று. கூடத்து மூலையில் இருந்தது அந்த ஒரு சொம்புதான். கிணற்றுத் தண்ணீர்க் குடம் பின்கட்டில் இருந்தது, உன்னால் அதைச் சாய்க்கக்கூட முடியாது. நீ கொடுத்தது சுத்தமான தண்ணீர். ஆட்டோவோடு திரும்பி வந்தபோது சொம்பில் தண்ணீர் குறைந்திருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா குடித்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். நீ ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது சுகாதார ஊழியர் ஒரு பெண் நம் பிளாக்குக்கு வந்தாள். எல்லாரையும் படிக்கட்டில் உட்காரவைத்து, ஒரு செம்புத் தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலக்கிக் காட்டினாள். "பேதியாச்சுன்னா தண்ணிய நிறுத்தாதீங்கம்மா. தண்ணி போயிடறதாலதான் கொழந்த போகுது. குடுத்துகிட்டே இருக்கணும்," என்றாள். நான் எழுந்து உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு விழுந்த அடியை இதுவரை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. வெறும் தண்ணீர் அவளைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது, அதற்குள் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. ஆனால் அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரில் செய்ய வேண்டியதைச் செய்தது ஏழு வயதுப் பையன் ஒருவன்தான். நீ இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருப்பாய், தேர்விலும் எழுதியிருப்பாய். படித்தது வேறு, அந்தச் சொம்பைத் தொட்ட கைக்குத் தெரிவது வேறு. அதனால்தான் சொம்பில் ஊற்றியவளே சொல்கிறேன்.

உனக்கு நான் சொல்வது இருக்கட்டும், நீ எனக்குச் சொன்னதைக் கேள். இத்தனை வருஷமும் என் மகள் தாகத்தோடு போனாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். டம்ளரை வாயில் வைக்கும்போதெல்லாம் அது வரும். கோடையில் அதிகமாக வரும். அவள் குடித்தாள், இன்னும் கேட்டாள், அதுவும் கிடைத்தது, அண்ணன் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள் என்பது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது, ஒரு டைப் அடித்த தாளில், வேறு ஒரு பையனின் பெயருக்குக் கீழே. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை. அதனால்தான் உனக்குப் பதில் சொல்ல இவ்வளவு தாமதம். உன்மேல் கோபத்தால் இல்லை.

பாஸ்கர் திருப்பிக் கொடுத்த தாள்களில் கடைசி வரியைப் பென்சிலால் அடித்திருக்கிறேன். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்பதை உனக்கு விட்டிருக்கிறேன். தாள்கள் உன் பெட்டியில் ஸ்வெட்டருக்கு அடியில் இருக்கின்றன. அப்பா எடை பார்க்கும்போது அவற்றை மட்டும் வெளியே எடுப்பதில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து வசுவின் படத்தை எடுத்துத் துடைத்துவைத்தேன். உன்னிடம் கொடுத்தனுப்பவில்லை, அதைக் கூடத்தில் மாட்டப்போகிறேன், மாலை இல்லாமல். பார்த்துவிட்டுக் கேட்கிறவர்களுக்கு இனிமேல் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அங்கே புது மனிதர்கள் கேட்பார்கள், வீட்டில் யார் யார், கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று. ஒரே பையன் என்று சொல்லாதே. ஒரு தங்கை இருந்தாள் என்று சொல். நீ எழுதிய முதல் வரி அதுதான். அதன் பக்கத்தில் நான் போட்ட டிக்கை அழிக்கவில்லை.

உன் அம்மா